கையெழுத்துப் போடாத வாசகர்கள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)

தலைப்பைப் பார்த்துவிட்டுக் கவிதை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது மருத்துவக் கல்லூரி நூலகங்களைப் பற்றிய கட்டுரை. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருத்துவ நூலகத்தில் என்ன வேலை? லேத்தில் விரலைக் கொடுத்துவிட்டாயா?" என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள். விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. நான் இந்த விஷயத்துக்கு வந்தது வேறு வழியில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு படிப்பகம் உண்டு. ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, சில நாளிதழ்கள், ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் அந்தப் படிப்பகத் திண்ணையில் போய் உட்காருவார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். அப்பாவைப் போல ஏழெட்டுப் பேர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இவர்கள் யாரும் நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. போடத் தெரிந்தால்தானே!

நான் பத்தாவது தேறிய வருஷம், பாலிடெக்னிக் சேர்க்கை அறிவிப்பைத் தபால்காரர் வாசித்தது அப்பா காதில் விழுந்தது. கடைசி தேதியை மறந்துவிடுவோமோ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒருவன் படிக்க வந்தது அப்படித்தான்.

மறு வருஷம் யாரோ வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். சாயங்கால நேரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று கையெழுத்துதான். "ஆளே வருவதில்லை, எதற்குத் திறந்து வைக்கணும்?" என்று சாயங்கால நேரத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது காலையில் மட்டும்தான் திறக்கிறார்கள். காலையில் அப்பா சூளையில் இருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை, நோட்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் என் அப்பா இல்லை, நானும் இல்லை.

இதை எங்கள் பாலிடெக்னிக் நூலகர் ஐயாவிடம் ஒருநாள் ஆற்றாமையோடு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இதே சண்டை அமெரிக்காவில் ஆஸ்பத்திரி நூலகங்களுக்கும் வந்தது. அவங்க நோட்டை மூடி வெச்சுட்டு வேற ஒரு கேள்வி கேட்டாங்க. என்ன கேட்டாங்கன்னு தேடிப் படி, மலருக்கு எழுது" என்றார். தேடினேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நூலகம் எதற்கு என்று கேட்டபோது

மருத்துவம், நர்சிங், மருந்தியல், பல் மருத்துவம் முதலியவற்றைக் கற்றுத்தரும் பல்கலைக்கழகங்களில் இருக்கும் நூலகங்களைச் சுகாதார அறிவியல் நூலகங்கள் என்கிறார்கள். இந்த நூலகத்துக்கு மூன்று எஜமானர்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர், வார்டில் நோயாளியை வைத்துக்கொண்டு "இந்த மருந்தை இவருக்குக் கொடுக்கலாமா?" என்று அவசரமாகக் கேட்கும் டாக்டர் ஒருவர். முதல் இருவருக்கு நாளைக்குப் பதில் சொன்னாலும் போதும். மூன்றாமவருக்கு இப்போதே வேண்டும்.

நூலகர் என்றால் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1971-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், மிசோரி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், கெர்ட்ரூட் லாம்ப் என்ற அம்மையார் நூலகர்களை டாக்டர்களோடு வார்டு ரவுண்டுக்கே அனுப்பினார். படுக்கை அருகே எழும் கேள்வியைக் குறித்துக்கொண்டு போய், கட்டுரைகளைத் தேடி எடுத்து வந்து கொடுப்பது அவர்கள் வேலை. அதே 1971-இல்தான் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் மெட்லைன் என்ற கம்ப்யூட்டர் தேடலைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த பப்மெட்டில் இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் கிடக்கின்றன. வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான். தேடத் தெரிந்தவர் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் காசு என்று வரும்போது முதலில் கண்ணில் படுவது நூலகம்தான். ஆபரேஷன் தியேட்டர் வருமானம் காட்டும், லேப் பில் போடும். நூலகம் எதைக் காட்டும்? அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரில் பங்கு பெறும் ஆஸ்பத்திரிகளில் நூலகம் இருந்தாக வேண்டும் என்ற விதி ஒன்று இருந்தது. 1986-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நூலகரும் "நாங்கள் எதற்கு இருக்கிறோம்" என்று தானே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நூலகங்களிடம் கணக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்க, கனடா மருத்துவப் பள்ளி நூலகங்கள் 1977-இல் ஒரு சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியிடுகின்றன. எத்தனை புத்தகம், எத்தனை இதழ், எத்தனை ஊழியர், எவ்வளவு செலவு என்று எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஆனால் ஒரு நோயாளி பிழைத்தாரா என்பதை அது சொல்லாது. எங்கள் ஊர் நோட்டு மாதிரிதான், கொஞ்சம் பெரிய நோட்டு!

ராசெஸ்டரில் கேட்ட கேள்வி

நூலகர் ஐயா சொன்ன அந்த வேறு கேள்வி இதுதான்: "இங்கே கிடைத்த தகவலால் நீங்கள் செய்ததில் ஏதாவது மாறியதா?"

சிகாகோ பகுதியில் எட்டு ஆஸ்பத்திரிகளில் டேவிட் கிங் என்பவர் இப்படிக் கேட்டு 1987-இல் முடிவுகளை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து கனடாவைச் சேர்ந்த ஜோஆன் மார்ஷல் என்ற பேராசிரியை, நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் நகரத்தைச் சுற்றியிருந்த 15 ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. நூலகத் துறையில் இதை ராசெஸ்டர் ஆய்வு என்றே சொல்கிறார்கள்.

அவர்கள் செய்தது எளிமையான காரியம். டாக்டர்களிடம், "இப்போது உங்களிடம் இருக்கும் நோயாளி ஒருவரைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வியை உங்கள் நூலகத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு இந்தத் தாளை நிரப்பி அனுப்புங்கள்" என்றார்கள். 208 டாக்டர்கள் நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் 80 சதவீதம் பேர், அந்தத் தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை நிச்சயமாகவோ அநேகமாகவோ மாற்றிச் செய்ததாகச் சொன்னார்கள். நோயாளிக்குச் சொன்ன ஆலோசனை மாறியது என்றவர்கள் 72 சதவீதம். எந்தப் பரிசோதனை செய்வது என்பது மாறியது 51 சதவீதம். மருந்து மாறியது 45 சதவீதம். நோய் இன்னதென்ற முடிவே மாறியது 29 சதவீதம்! நூறு டாக்டர்களில் இருபத்தொன்பது பேர், "நான் நினைத்திருந்த நோய் வேறு" என்று ஒத்துக்கொள்வது லேசான விஷயமா?

எதைத் தவிர்க்க முடிந்தது என்றும் கேட்டார்கள். தேவையில்லாத பரிசோதனையைத் தவிர்க்க உதவியது என்று 49 சதவீதமும், அறுவை சிகிச்சையைத் தவிர்க்க உதவியது என்று 21 சதவீதமும், மரணத்தைத் தவிர்க்க உதவியது என்று 19 சதவீதமும் சொன்னார்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, லேப் ரிப்போர்ட், சக டாக்டரோடு பேசுவது ஆகியவற்றைவிட நூலகர் கொடுத்த தகவலுக்கு அவர்கள் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

இதைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். அன்றைக்கே கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் மறுநாள் மெட்ராலஜி வகுப்பு இருந்தது.

ஜீரோ எரர் பார்த்தாயா?

நம் துறை நண்பர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தால் முதலில் அதன் இரண்டு தாடைகளையும் ஒட்ட மூடி, பூஜ்யமும் பூஜ்யமும் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வித்தியாசத்தை ஒவ்வோர் அளவிலும் கழிக்க வேண்டும் அல்லது கூட்ட வேண்டும். பார்க்காமல் அளந்தால் 0.02 மில்லிமீட்டர் வரை துல்லியமாகத் தப்பு வரும். எங்கள் சார் ஜாப்பை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே "ஜீரோ எரர் பார்த்தியாடா?" என்றுதான் கேட்பார்.

ராசெஸ்டர் ஆய்விடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். தாளை நிரப்பி அனுப்பியவர்கள் யார்? நூலகத்தின் மேல் ஏற்கெனவே பிரியம் உள்ள டாக்டர்களே அதிகம் இருக்கலாம். பிரியம் இல்லாதவர் தாளைக் குப்பையில் போட்டிருப்பார். அப்புறம், எந்த நோயாளியைப் பற்றிக் கேட்பது என்று தேர்ந்தெடுத்தவரும் டாக்டர்தான். சிக்கலான கேஸைத்தான் கேட்டிருப்பார். சிக்கலான கேஸில் மாற்றமும் அதிகம் வரும். கடைசியாக, மரணம் தவிர்க்கப்பட்டது என்பதை எப்படி அறிவது? தகவல் இல்லாமல் போயிருந்தால் அந்த நோயாளி இறந்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? அது டாக்டரின் கருத்து. கருத்தை அளக்க மைக்ரோமீட்டர் கிடையாது.

அதனால் ஆய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. ஜீரோ எரர் உள்ள காலிப்பரைத் தூக்கி எறிவதில்லையே, திருத்தம் போட்டுத்தானே அளக்கிறோம்!

மார்ஷல் அம்மையாரும் அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, பெரிய குழுவோடு மறுபடியும் அளந்தார். 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 56 நூலகங்கள் பங்கு பெற்றன. அவை 118 ஆஸ்பத்திரிகளுக்குச் சேவை செய்பவை. இந்த முறை டாக்டர்கள் மட்டுமல்ல, பயிற்சி டாக்டர்களும் நர்சுகளும் சேர்ந்து 16,122 பேர் பதில் சொன்னார்கள். கேட்ட விதமும் மாறியது. "நோயாளிக்காக நீங்கள் தகவல் தேடிய சமீபத்திய சந்தர்ப்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்" என்றார்கள். இந்த முறைக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளிடம் "பொதுவாக விமானம் ஓட்டுவது எப்படி?" என்று கேட்காமல், "அன்றைக்கு நடந்த அந்த ஒரு சம்பவத்தைச் சொல்" என்று கேட்டு, அதிலிருந்து தவறுகளைக் கண்டுபிடித்தார்கள். ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் 1954-இல் அதை ஒரு முறையாக எழுதி வைத்தார். பொதுவாகக் கேட்டால் மனிதன் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வான். ஒரு சம்பவத்தைக் கேட்டால் நடந்தது வெளியே வரும்.

முடிவு? நான்கில் மூன்று பங்கு பேர் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றிச் செய்ததாகச் சொன்னார்கள். ஆலோசனை மாறியது 48 சதவீதம், மருந்து 33 சதவீதம், நோய் பற்றிய முடிவு 25 சதவீதம். தவறான நோய் முடிவைத் தவிர்த்தோம் என்றவர்கள் 13 சதவீதம். மருந்து கொடுப்பதில் தவறைத் தவிர்த்தோம் என்றவர்கள் 12 சதவீதம். மரணத்தைத் தவிர்த்தோம் என்றவர்கள் 6 சதவீதம்.

கவனித்தீர்களா? 19 என்று இருந்தது 6 ஆகிவிட்டது. ஆய்வு நடத்தியவர்கள் அதை மறைக்காமல் அச்சில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த 6-இன் மேல்தான் நம்பிக்கை அதிகம். கேட்ட கேள்வியும் கேட்கப்பட்ட ஆட்களும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் கழித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் அன்றாட வார்டு வேலையில், நர்சையும் சேர்த்துக் கேட்டபோது வந்த எண் இது. நூறு சந்தர்ப்பத்தில் ஆறு என்றால் அது சின்ன எண் இல்லை. அந்த ஆறில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

வெறும் கருத்தை நம்பாமல் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் நடந்து 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி சேர்ந்த ஆரம்பத்திலேயே நூல் தேடல் நடந்த கேஸ்களில் ஆஸ்பத்திரியில் தங்கிய நாளும் செலவும் குறைவாக இருந்தன. தாமதமாகத் தேடிய கேஸ்களில் இரண்டும் அதிகம். இதிலும் ஒரு சந்தேகம் வரும். சீக்கிரம் தேடுகிற டாக்டர் பொதுவாகவே சுறுசுறுப்பான டாக்டராக இருக்கலாம். இருந்தாலும் செலவுக் கணக்கைக் காட்டினால்தான் கணக்காளர் காது கொடுத்துக் கேட்பார்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும்? 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை, நல்ல ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர்களுக்கு மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். அவர்களில் 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். ஆராய்ச்சியாளர் பப்மெட்டில் தேடாமல் இல்லை. ஆனால் அப்போது அது 1966 வரைதான் பின்னால் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற செய்தி 1950-களின் இதழ்களில் அச்சாகி, அலமாரியில் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பழைய தொகுதிகளை எடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால், இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டிருப்பார்கள். என் அப்பா கையெழுத்துப் போடாத மாதிரி, இந்தப் புத்தகங்களும் ஒரு கணக்கிலும் வருவதில்லை. ஒருநாள் மட்டும் வேண்டியிருக்கும்.

சென்னையில் படித்தவர் போட்ட அளவுகோல்

இன்னொரு வகை மதிப்பீடும் உண்டு. நூலகத்துக்கு வருகிறவர் திருப்தியாக இருக்கிறாரா என்பதை அளப்பது. இதற்கு லிப்குவால் என்ற கேள்வித்தாள் 2000-த்தில் அமெரிக்காவில் உருவானது. மருத்துவப் பல்கலைக்கழக நூலகங்களும் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. முக்கியமான கேள்விகள் 22. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மூன்று தடவை மதிப்பெண் போட வேண்டும். குறைந்தது எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வாய், எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய், நிஜத்தில் எவ்வளவு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் விடை. மெக்கானிக்கல் நண்பர்களே, இது நம்முடைய அப்பர் லிமிட், லோயர் லிமிட், டாலரன்ஸ்தானே!

இதன் தாய் சர்வ்குவால் என்ற கேள்வித்தாள். வங்கி, ரிப்பேர் கடை போன்ற சேவைகளை அளக்க 1988-இல் மூவர் வெளியிட்டது. மூவரில் ஒருவர் ஏ. பரசுராமன். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அதைப் படித்தபோது நிஜமாகவே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நூலகம் என்றால் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பெயரையும் விட முடியாது. கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. மார்ஷல் குழுவும் 2013 ஆய்வில் "நேரம் மிச்சமானதா?" என்று கேட்டிருக்கிறது.

எங்கள் நூலகத்தில் ஒரு பெட்டி

இவ்வளவையும் எழுதிக் கொண்டுபோய் நூலகர் ஐயாவிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, பழைய சுண்ணக்கட்டி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் பிளேடால் துளை போட்டார். "நம்ம நூலகத்துக்கும் பண்ணிப் பார்ப்போம். கேள்வியை நீயே எழுது" என்றார். மூன்று கேள்வி எழுதினேன். கடைசியாக எதற்காக இங்கே வந்தீர்கள்? கிடைத்ததா? அதனால் ஏதாவது மாறியதா? பெயர் எழுத வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டேன். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் வாயால் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன் என்றும் சேர்த்தேன். ஒர்க்ஷாப்பில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் மதியத்தில் வந்து படப் புத்தகம் பார்ப்பார், அவரை நினைத்துத்தான்.

சனிக்கிழமை பெட்டியைப் பிரித்தோம். பாதிச் சீட்டுகளில் "நோட்ஸ் எடுக்க, கிடைத்தது, பாஸாவேன்" என்கிற மாதிரிதான் இருந்தது. ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருந்தான். ஒரு சீட்டில், அப்ரண்டிஸ் விளம்பரத்தை இங்கே பேப்பரில் பார்த்து அண்ணனுக்குச் சொன்னேன், சேர்ந்துவிட்டான் என்று இருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்தேன். அந்த அம்மா சொல்லி நான் எழுதிய சீட்டில், பேத்திக்கு யானை படம் காட்டணும், புத்தகத்தை வீட்டுக்குத் தருவீர்களா என்று ஒரு கேள்வி.

கடைசிச் சீட்டில் மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்: "ஹாஸ்டல் ரூமில் ஃபேன் ஓடவில்லை. இங்கே ஓடுகிறது."

கிழிக்கப் போனேன். ஐயா என் கையிலிருந்து அதை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்து ஃபைலில் குத்தினார். "அவனும் வந்தவன்தானே தம்பி!"